பாதையில் தண்ணீர் நடக்கக் கூடாது

சித்திரை முழுநிலவுக்குச் சில நாள் முன்னால் பளியன்குடிக்கு மேலே காட்டில் அரிவாள் சத்தம் கேட்கும். மங்கலதேவி கண்ணகி கோயில் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் பக்தர்களுக்குத் திறக்கிறது. குமுளியிலிருந்து ஜீப்பில் போகிறவர்கள் ஒரு பக்கம். லோயர் கேம்ப் வழியாகப் பளியன்குடிக்கு வந்து, அங்கிருந்து சுமார் ஆறரைக் கிலோமீட்டர் காட்டுக்குள் ஏறி நடக்கிறவர்கள் இன்னொரு பக்கம். கோயில் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,337 மீட்டர் உயரத்தில்; நடைபாதையில் பாதிக்கு மேல் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம். வருடம் முழுக்க யானையும் வனக்காவலர்களும் மட்டுமே புழங்கும் தடத்தை ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கால்கள் மிதிக்கப் போகின்றன. அதனால் புதரை வெட்டி, முள்ளை ஒதுக்கி, வழியைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது.

அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தமிழ்நாடு–கேரள எல்லை மலைகளில் தன்னார்வமாகப் பாதை வேலைக்கு இறங்கும் குழுக்கள் பெரும்பாலும் அரிவாளோடு தொடங்கி அரிவாளோடு முடித்துவிடுகின்றன. புதர் வெட்டினால் உடனே கண்ணுக்குத் தெரியும், போன் எடுத்து முன்னும் பின்னும் படம் போடலாம். மண்வெட்டி வேலை அப்படியில்லை. நாள் முழுக்க வேர்த்து வடிந்தாலும் படத்தில் வெறும் மண்தான் தெரியும். ஆனால் காட்டுப் பாதையைத் தின்பது பாதையோரம் புதராக மண்டும் உண்ணிச்செடி இல்லை, தண்ணீர். புதர் மூடிய பாதையை இரண்டு நாளில் மீட்டுவிடலாம். தண்ணீர் ஆள் முழங்கால் ஆழத்துக்கு அறுத்துப்போட்ட பாதையைப் பழையபடி ஆக்க முடியாது. பக்கத்தில் புதிதாக ஒன்று வெட்ட வேண்டியதுதான். புலிகள் காப்பகத்துக்குள் அதற்கு லேசில் அனுமதி கிடைக்காது.

இந்த மலைகளுக்கு மழை இரண்டு தவணையாக வருகிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டிச் சாரலாக நம் பக்கம் இறங்கும். கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவில் இருப்பதால் கீழே வயலில் நிற்கிறவருக்குக் காற்று மட்டும்தான் தெரியும். முகட்டை ஒட்டிய பாதையோ வாரக்கணக்கில் ஊறிக் கிடக்கும். அப்புறம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை, கிழக்குச் சரிவில் நேராக அடிப்பது. சாயங்கால இடியோடு ஒரு மணி நேரத்தில் பெய்து தீர்க்கும் மழை அது. சாரல் ஊறவைத்த மண்ணை ஐப்பசி மழை அறுத்துக்கொண்டு போகும்.

விழா வருவது ஏப்ரலில் அல்லது மே மாதத்தில். 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. ஆக, பாதையை அதிகம் பேர் மிதிக்கும் நாளுக்கும் பருவமழைக்கும் நடுவில் சில வருடங்களில் ஒரு மாத இடைவெளிகூட இருப்பதில்லை. காய்ந்த மண்ணில் அத்தனை செருப்பும் உரசினால் மேல்மண் கணுக்கால் வரை புழுதியாகும். அந்தப் புழுதியை முதல் நல்ல மழையே அள்ளிக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். எனவே அரிவாள் வேலை விழாவுக்கு முன்பு இருக்கட்டும். மண்வெட்டி வேலை விழா முடிந்த கையோடு, வைகாசி முடிவதற்குள் நடக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு கோடை மழை விழுந்த மண்ணைத்தான் வெட்டவும் முடியும், மிதித்து இறுக்கவும் முடியும். காய்ந்த மண்ணை எவ்வளவு குத்தினாலும் இறுகாது. புரட்டாசிக் கடைசியில் ஒரு சுற்று போய் அடைத்த வாய்களைத் திறந்துவிட்டால் அந்த வருடத்துக்குப் போதும். இந்த மூன்றில் நடுவில் உள்ள வேலைதான் முக்கியம், அதற்குத்தான் ஆள் கிடைக்காது. விழா முடிந்தபின் யார் மலையேறுவார்?

பனி நாடுகளில் காட்டுக்குள் நெடுந்தூரப் பனிச்சறுக்குத் தடங்களைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்களுக்கும் இதே கணக்குதான். சறுக்குவது குளிர்காலத்தில் என்றாலும் புல் வெட்டுவது, விழுந்த மரத்தை அகற்றுவது, சிறு பாலத்துப் பலகையை மாற்றுவது, வடிகாலைத் திறப்பது எல்லாம் இலையுதிர் காலத்திலேயே முடிந்தாக வேண்டும். தரை மட்டமாக இருந்தால் கொஞ்சப் பனியிலேயே தடம் போடலாம். கல்லும் குழியுமாக இருந்தால் அதை மூடவே நிறையப் பனி வேண்டும். வடிகால் அடைத்த இடத்தில் தண்ணீர் தடத்தின் மேலேயே உறைந்து வழுக்கும். நார்வேயில் 1868-இல் தொடங்கிய மலைநடைச் சங்கத்தின் தன்னார்வலர்கள் பனிவெளியில் மரக்கிளைகளை நட்டு வழி குறிப்பதைப் படத்தில் பார்த்து வியக்கிறோம். அதற்கு முன்னால் மண்ணில் நடந்த வேலை அங்கேயும் படத்தில் வராது.

தண்ணீர் எப்படிப் பாதையைத் தின்கிறது என்று கிட்ட உட்கார்ந்து பார்த்தால்தான் எங்கே வெட்ட வேண்டும் என்பது பிடிபடும். ஒற்றையடிப் பாதையில் எல்லோரும் நடுவில் மிதிக்கிறார்கள். நடுப்பகுதி இறுகித் தாழ்கிறது. நடக்கிற காலின் உதைப்பில் மண்ணும் சருகும் பள்ளத்துப் பக்க ஓரத்தில் சேர்ந்து, அதில் புல் முளைத்து, வேர் பிடித்து, விரல் உயரத்துக்கு ஒரு வரப்பு எழுகிறது. அவ்வளவுதான், பாதை வாய்க்காலாகிவிட்டது. மேட்டிலிருந்து வரும் மழைநீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போக வேண்டியது. வரப்பு மறிப்பதால் பாதையோடு திரும்பி இறங்குகிறது. இறங்க இறங்கக் கூட்டுச்சேர்ந்து வேகம் கூடுகிறது. மெல்லிய மண் முதலில் போகும், அப்புறம் மணல், அப்புறம் சிறுகல். எஞ்சுவது வேரும் பாறைமுனையும். கால் வைக்க இடமில்லாமல் மக்கள் ஓரமாக ஏறி நடப்பார்கள். அங்கே புல் அழியும். அடுத்த வருடம் அதுவும் வாய்க்கால். ஒரு பாதை இருந்த இடத்தில் மூன்று வாய்க்கால் ஓடுவதை மலையைக் கடக்கும் பல மெட்டுப் பாதைகளில் பார்க்கலாம்.

குனிந்து பார்த்தால் தடயங்கள் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொரு சிறு கல்லும் ஒரு மண்தூணின் மேல் தனியாக நின்றால், சுற்றியிருந்த மண்ணை மழைத்துளி அடித்துக்கொண்டு போயிருக்கிறது என்று பொருள். அந்தத் தூணின் உயரம்தான் போன மண்ணின் கனம். மரவேர் பாதையின் குறுக்கே பாலம் போல் தூக்கி நின்றால் பல வருட இழப்பு. வளைவில் மெல்லிய மணல் விசிறியாகப் படிந்திருந்தால் தண்ணீர் அங்கே வேகம் குறைந்திருக்கிறது. மணல் படிந்த இடத்தில் வெட்டிப் பயனில்லை. அதற்கு மேலே, கல் மட்டும் பல்லிளிக்கும் இடத்துக்கும் மேலே, தண்ணீர் முதன்முதலில் பாதைக்குள் நுழையும் வாயைத் தேட வேண்டும். மழை பெய்யும்போதே குடை பிடித்துக்கொண்டு ஒருமுறை நடந்தால் அரை நாள் யோசனை மிச்சம். இடி இருந்தால் மட்டும் முகட்டுப் பக்கம் போகக் கூடாது.

ஏற்றக் கணக்கு இரண்டே இரண்டு. பாதையின் சராசரி ஏற்றம் பத்தடிக்கு ஓரடிக்குள் இருக்க வேண்டும் என்பது முதலாவது. பாதையின் ஏற்றம், அது போகும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது இரண்டாவது. முதலாவதைவிட இரண்டாவதுதான் உயிர். சரிவு பத்துக்கு நான்கு என்றால் பாதை பத்துக்கு இரண்டு வரை போகலாம். அதைத் தாண்டினால் தண்ணீருக்குப் பாதையைக் குறுக்கே கடப்பதைவிடப் பாதையோடு இறங்குவதுதான் சுலபம். எத்தனை வடிகால் வெட்டினாலும் அது கேட்காது. நேர் ஏற்றமாகப் போடும் குறுக்கு வழிகள் இரண்டு மழைக்காலத்தில் ஓடையாவது இதனால்தான். மூணாறுத் தேயிலை, ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போன காலம் ஒன்று இருந்தது. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் காலத்துப் பொதிமாட்டுப் பாதைகள் வளைந்து வளைந்து நிதானமாக ஏறும். கீழே தெரியும் ஊருக்கு இத்தனை சுற்றா என்று இன்றைக்கு நடப்பவர்கள் அலுத்துக்கொண்டு, கொண்டைவளைவுகளை அறுத்துக் குறுக்கே இறங்குகிறார்கள். வளைவைக் குறுக்கே அறுக்கும் ஒவ்வொரு தடமும் மேல் பாதையின் தண்ணீரைக் கீழ்ப் பாதையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அத்தகைய தடத்தின் மேல்வாயையும் கீழ்வாயையும் முள் போட்டு அடைத்தே ஆக வேண்டும். ஒரு வாயை மட்டும் அடைத்தால் ஆள் சுற்றிக்கொண்டு வருவார்.

ஏற்றத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனாரின் மட்டக்குழாய் போதும். உள்ளே தண்ணீர் தெரியும் குழாய் 12 மீட்டர், அளவு குறித்த இரண்டு ஐந்தடிக் குச்சி. பாதையில் பத்து மீட்டர் தள்ளித் தள்ளி இருவர் நின்று, குச்சியில் குழாயைச் சேர்த்துப் பிடித்து நீர்மட்டத்தைப் படிக்கிறார்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் என்றால் பத்துக்கு ஒன்று. ஏற்றம் கடுமையாக இருந்தால் நீர்மட்டம் குச்சியைத் தாண்டிவிடும். அப்போது ஐந்து மீட்டராகக் குறைத்துக்கொள்ளலாம். நடக்கும்போது இரு முனையையும் கட்டைவிரலால் மூடி, நின்றதும் இரண்டையும் திறக்க வேண்டும். ஒன்றைத் திறக்க மறந்தால் மட்டம் பொய் சொல்லும். குழாய்க்குள் குமிழி இருந்தாலும் அப்படித்தான்.

இனி வேலை. முதல் வேலை வரப்பை வெட்டுவது. சருகை முழுக்க மேட்டுப் பக்கம் ஒதுக்கிவிட்டு, ஓரத்து வரப்பை மண்வெட்டியால் அடியோடு எடுக்க வேண்டும். வேரும் மக்கிய சருகும் கலந்த கறுப்பு மண்ணைச் சரிவில் தூர வீசிவிடலாம். அதைப் பாதையில் நிரப்பினால் மழைக்குச் சேறாகும். வேரில்லாத செம்மண்ணாக இருந்தால் நடுப்பள்ளத்தை நிரப்பப் பயன்படுத்தலாம், இரண்டு விரல் கனத்துக்கு ஒருமுறை மிதித்து இறுக்கி. முடிவில் மூன்றடி அகலப் பாதையின் பள்ளத்துப் பக்க ஓரம், மேட்டுப் பக்க ஓரத்தைவிட ஏறக்குறைய இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். அதற்குமேல் சாய்த்தால் சருகு ஈரத்தில் கால் வழுக்கும். அரை பாட்டில் தண்ணீரை மேட்டோரமாக ஊற்றிப் பாருங்கள். இரண்டு எட்டுத் தூரத்துக்குள் அது பாதையை விட்டு இறங்கினால் சரி. பாதையோடு நடக்கத் தொடங்கினால் மறுபடி வெட்ட வேண்டியதுதான்.

மிதி பட்டு இந்தச் சாய்வு எப்படியும் ஒன்றிரண்டு வருடத்தில் தேயும். அதற்குக் காப்பாக இடையிடையே மடை வைக்கிறோம். மண் மடை, கல் மடை என்று இரண்டு வகை. மண் மடை என்பது பாதையின் பள்ளத்துப் பக்கத்தில் எட்டுப் பத்தடி நீளத்துக்கு அரைவட்டமாக வெட்டும் தாழ்வு. நடுவில் ஓரம் ஐந்து ஆறு அங்குலம் தாழ்ந்து, இரு பக்கமும் பாதையோடு தெரியாமல் கலந்துவிட வேண்டும். நடக்கிறவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. கல் மடை, பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதிக்கும் கல் வரிசை. என்னைக் கேட்டால் முடிந்த இடத்திலெல்லாம் மண் மடைதான். கல் மடையில் கால் தடுக்கும், யானை மிதித்தால் கல் புரளும், பழுது பார்க்க மறுபடி கடப்பாரை தூக்க வேண்டும். ஆனால் ஏற்றம் பத்துக்கு ஒன்றரையைத் தாண்டினால் மண் மடை நிற்காது. அங்கே கல்தான்.

கல் மடையில் பெரும்பாலோர் தவறுவது கோணத்தில். பாதைக்கு நேர்க்குறுக்காக வைத்தால் தண்ணீர் அங்கே வந்து நிற்கும், நின்றால் மண்ணைப் படியவிடும், நாலு மழையில் தொட்டி நிரம்பி அதற்கு மேலேயே வழிந்து பாதையோடு இறங்கும். சுமார் 45 பாகைச் சாய்வில் வைத்தால் நிற்காமல் திரும்பி வெளியேறும், தன் மண்ணைத் தானே அடித்துக்கொண்டும் போகும். கல் ஒவ்வொன்றும் ஓர் ஆள் சிரமப்பட்டு நகர்த்தும் கனம் இருக்க வேண்டும். ஒரே ஆள் ஒரு கையில் தூக்குகிற கல், ஒரு மழைக்குக்கூட நிற்காது. குழியைத் தோண்டிக் கல்லின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை மண்ணுக்குள் இறக்க வேண்டும். கீழ்வாயிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும், கல்லும் கல்லும் சேருமிடத்தில் விரல் நுழையக் கூடாது. மேட்டுப் பக்கம் கரைக்குள் ஓரடி புகுத்தாவிட்டால் தண்ணீர் அந்த முனையைச் சுற்றிக்கொண்டு வரும். பள்ளத்துப் பக்கமும் பாதையைத் தாண்டி ஓரடி நீள வேண்டும், இல்லாவிட்டால் மனிதர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். கல்லின் கீழ்ப்பக்கத்தை மண்ணிட்டுப் பாதை மட்டத்துக்கு நிரப்பி மிதிக்க வேண்டும். மேல்பக்கம் மட்டும் நாலைந்து அங்குலம் தெரியும்.

எத்தனை அடிக்கு ஒன்று? பத்துக்கு அரை ஏற்றத்தில் 135 அடிக்கு ஒன்று, பத்துக்கு ஒன்றில் 80 அடி, ஒன்றரையில் 60 அடி, இரண்டில் 45 அடி. இது நடுத்தரமான மழைக்கும் மண்ணுக்கும் உள்ள பழக்கக் கணக்கு. ஐப்பசி இடிமழை நேராக அடிக்கும் கிழக்குச் சரிவில் இதைவிடக் கொஞ்சம் நெருக்கமாக வைப்பது நல்லது. அடியை மட்டும் எண்ணி வைப்பதும் தவறு. வாய்க்கு வெளியே நிலம் தாழ்வாக இருக்கிறதா, அங்கே புல்லோ புதரோ பிடித்திருக்கிறதா என்று பார்த்து அஞ்சு பத்தடி முன்னே பின்னே நகர்த்திக்கொள்ள வேண்டும். மடையின் வாய் கீழே வளைந்து வரும் அதே பாதையின் தலையில் திறந்தால் செய்த வேலை பாழ்.

மடை எல்லாம் சாவது வாய் அடைத்துத்தான். வாயின் அகலம் இரண்டு மண்வெட்டி அகலத்துக்குக் குறையக் கூடாது. வெளியே மூன்றடி நீளத்துக்காவது சரிவாக வெட்டிவிட வேண்டும். அங்கே நாலு உருட்டுக்கல்லைப் பரப்பினால் விழும் தண்ணீர் புது அறுப்பு அறுக்காது. தேக்கும் வெண்தேக்கும் நிற்கும் காட்டில் தையில் கொட்டும் இலைகள் வாயில் போய் அடைந்து, மேலே மண் விழுந்து, மே மாதத்தில் பார்த்தால் கட்டையாகக் கிடக்கும். புரட்டாசிச் சுற்றில் வேறு ஒன்றும் செய்ய வேண்டாம், வாய் ஒவ்வொன்றிலும் நாலு வெட்டு வெட்டிவிட்டு வந்தால் போதும். ஒரு மண்வெட்டியும் இரண்டு பேரும் ஒரு பகலும்.

ஏற்கெனவே பள்ளமாகிவிட்ட இடத்தில் மண் கொட்டி நிரப்பினால் அடுத்த மழையில் காணாமல் போகும். முதலில் மேலே தண்ணீரைத் திருப்ப வேண்டும். அப்புறம் பள்ளத்துக்குள் உலர்கல் தடுப்பு. உயரம் இரண்டடிக்குள், அடித்தளம் ஓரடி ஆழம், இரு முனையும் கரைக்குள் புகுந்திருக்க வேண்டும், நடு மட்டும் ஓரங்களைவிட அரையடி தாழ்ந்திருக்க வேண்டும். நடு உயர்ந்தால் தண்ணீர் ஓரத்தை அறுத்துக்கொண்டு சுற்றிப் போகும், தடுப்பு நடுவில் அனாதையாக நிற்கும். கீழ்த்தடுப்பின் தலை மேல்த்தடுப்பின் கால் மட்டத்தில் இருக்கும்படி அடுக்கடுக்காக வைத்தால் ஒன்று இரண்டு மழைக்காலத்தில் மண் தானே வந்து நிரம்பும். படிக்கட்டு கட்டுவது கடைசிக் கை. உயரம் ஆறேழு அங்குலத்தைத் தாண்டினால் வயதானவர்கள் ஓரமாக ஏறுவார்கள். அந்த ஓரம் அடுத்த வாய்க்கால்.

உண்ணிச்செடிக்கு வருவோம். இதைத் தரையோடு அரிவாளால் சீவுவது அதற்கு உரம் போடுவதற்குச் சமம். அடுத்த மழையில் ஒரு தண்டுக்குப் பத்து தண்டு. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்கு வந்தது, இன்றைக்குக் காட்டைப் பிடித்து உலுக்குகிறது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் குழு வகுத்த முறைதான் இதில் வேலை செய்கிறது. தரைக்குக் கீழே மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டரில் ஆணிவேரைக் களைக்கொத்தால் அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுவிட வேண்டும். வேர் வானத்தைப் பார்த்துக் கிடந்தால் மறுபடி ஊன்றாது. மண்ணை முழுக்கக் கிளறித் தோண்டினால் புதைந்த விதையெல்லாம் முளைக்கும். காய் பழுக்கும் முன்பே செய்ய வேண்டும். பழம் தின்ற கொண்டைக்குருவி உட்காரும் மரத்தடிகளில் அடுத்த வருடம் நாற்று கிளம்பியிருக்கும், அதைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். கேரளப் பக்கம் கம்யூனிஸ்ட் பச்சை என்று சொல்கிறார்களே, அந்தச் செடி பாதையோரத்தை அடைப்பதில் இதற்கு அண்ணன். அதுவும் கோடையில் காய்ந்தால் நன்றாக எரியும்.

எவ்வளவு வெட்டுவது என்பதில் கைகட்டுப்பாடு வேண்டும். நாலடி அகலம், தலைக்கு மேல் ஓர் ஆள் கை தூக்கும் உயரம், அவ்வளவே. வளைவுகளின் உள்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட வேண்டும், பதினைந்து இருபது மீட்டர் முன்கூட்டித் தெரியும்படி; யானையோ கரடியோ வளைவில் முகத்துக்கு முகம் பார்ப்பதற்கு அது பரவாயில்லை. நிழல் தரும் மரக்கிளையைத் தொட வேண்டாம். நிழல் போனால் வெயில் வரும், வெயில் வந்தால் உண்ணிச்செடி வரும். வெட்டிய தழையைப் பாதையோரம் குவித்து வைக்காதீர்கள். மாசி பங்குனியில் அது சுள்ளி. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேற்றத்துக்குப் போயிருந்த 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல் மேட்டில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடு கொடுக்காது. புல்வெளிப் பகுதியில் ஜனவரி கடைசியிலிருந்து கோடை மழை வரை குழு வேலையே வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. தீத்தடுப்புக் கோடு எடுப்பது வனத்துறை வேலை, அவர்கள் கூப்பிட்டால் போகலாம். சொந்தமாகத் தீவைத்துக் கோடு எடுக்க நினைப்பது குற்றம், பைத்தியக்காரத்தனமும்.

விழுந்த மரத்தைத் தன்னிச்சையாக அறுக்கக் கூடாது. கிடக்கிற கட்டையும் அரசு உடைமைதான். காவலர் உடனிருந்து சொன்னால் கை ரம்பத்தில் அறுக்கும்போது, மரம் எங்கே தாங்கி நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இரு முனையும் தரையில் ஊன்றி நடு தொங்கினால் மேல்பக்கம் நசுங்கும். மேலிருந்தே முழுக்க அறுத்தால் ரம்பம் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு மீதியைக் கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை தொங்கினால் இதற்கு நேர்மாறு. சரிவில் கிடக்கும் மரத்தின் கீழ்ப்பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது. மூன்றடி வழி கிடைத்தால் நிறுத்திக்கொள்ளலாம், மிச்சம் காட்டுக்கு உரம்.

அனுமதி இல்லாமல் இதில் ஒரு வெட்டும் கூடாது. தமிழ்நாட்டுப் பக்கம் 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பெரியாறு புலிகள் காப்பகம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நுழைவதற்கே அனுமதி வேண்டும். எழுத்துமூல அனுமதியில் நாள், ஆட்கள், பாதையின் தொடக்கம் முடிவு, கருவிகள், செய்யப்போகும் வேலை எல்லாம் இருக்க வேண்டும். ‘பாதை பராமரிப்பு’ என்று ஒரு வரியில் எழுதினால் புதுப்பாதை என்று சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ‘இருக்கும் பாதையில் நீர்வடிவு வாய் திறத்தல், அகலம் கூட்டாமல்’ என்று எழுதினால் புரியும். கேரளப் பக்கம் வனத்துறையோடு உள்ளூர் மக்கள் சேர்ந்த சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் வழியாகப் போவது நல்லது. பெரியாற்றில் ஒரு காலத்தில் திருட்டுத்தனமாகக் காட்டில் பட்டை உரித்தவர்களே 1990-களின் பிற்பாதியில் அப்படிக் குழுவாகி வழிகாட்டிகளானார்கள். தேக்கடியில் வசந்தசேனா என்ற பெண்கள் குழு 2002 முதல் ஊதியமில்லாமல் காட்டுக்குள் ரோந்து போகிறது. நம் பக்கத்தில் இந்த மலைப் பழங்குடிகளான பளியர்களை விட்டுவிட்டு வேலை செய்வதில் அர்த்தமே இல்லை. எந்த ஓடை எந்த மாதம் வாய் திறக்கும், யானை எந்த மெட்டில் இறங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்குத் தன்னார்வம் என்று சொல்லிச் சும்மா வேலை வாங்கக் கூடாது. அன்றைய கூலி கொடுத்துவிட வேண்டும். கூட வரும் பெரியவர் ‘இன்னைக்கு வேணாம் தம்பி’ என்றால் அன்றைக்கு வேலை இல்லை. காரணம் கேட்கலாம், வாதாடக் கூடாது.

பத்துப் பேர் குழுவுக்கு மூன்று மண்வெட்டி, ஐந்தடிக் கடப்பாரை இரண்டு, பிக்காசு ஒன்று, களைக்கொத்து இரண்டு, அரிவாள் இரண்டே இரண்டு, மண் அள்ளச் சட்டி இரண்டு, கை ரம்பம், மட்டக்குழாய், ஒரு நைலான் கயிறு. அரிவாள் அதிகமானால் எல்லோரும் புதர் வெட்டத்தான் போவார்கள். வேலை செய்கிறவர்களுக்கு இடையே இரண்டு கருவி நீளம் இடைவெளி. மேலும் கீழும் ஒருவர் வீதம் இருவர் வேலை செய்யாமல் காதும் கண்ணுமாக நிற்க வேண்டும்; மண்வெட்டிச் சத்தத்தில் கிளை ஒடிவது கேட்காது. எட்டு மணிக்கு முன் ஏறவும் வேண்டாம், நாலு மணிக்கு மேல் காட்டில் இருக்கவும் வேண்டாம். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், அரைக்கை சட்டை வேண்டாம், சாரல் மாதங்களில் அட்டைக்கு உப்பு அல்லது புகையிலைத் தண்ணீர் நனைத்த துணி. கல்லைப் புரட்டும்போது விரலை அடியில் விடாமல், கடப்பாரையால் தன் பக்கமாகச் சாய்க்க வேண்டும். அடியில் பாம்போ தேளோ இருந்தால் எதிர்ப்பக்கத்து வாய் வழியாக அது தப்பிப் போகும். பாறைமுகட்டில் மலைத்தேனீ அடை தெரிந்தால் வாசனை எண்ணெய் தடவியவர் முதலில் இறங்கட்டும், கல் உடைக்கும் வேலையை அங்கே நிறுத்திவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு மடைக்கும் ஓர் எண் கொடுத்து, கீழிருந்து மேலாக, இடம் காட்டும் ஆயத்தொலைவோடு நோட்டில் எழுதி வையுங்கள். மண் மடையா கல் மடையா, வாய் எந்தப் பக்கம், அங்கே பாதை ஏற்றம் எவ்வளவு. அதே கல்லில் நின்று அதே உயரத்தில் போனைப் பிடித்துக் கீழ்நோக்கி ஒரு படம். நோட்டின் ஒரு நகல் ரேஞ்சர் அலுவலகத்துக்கு, ஒன்று குழுவுக்கு. பாதையில் பிளாஸ்டிக் ரிப்பன் கட்டி எண் போட வேண்டாம். அதை அவிழ்க்க யாரும் போவதில்லை, மான் தின்னும். சுண்ணாம்பில் கல்லின் அடிப்பக்கம் எழுதினால் புரட்டாசிச் சுற்று வரை தாங்கும், அதற்குப் பிறகு நோட்டே போதும்.